டெஸ்ட் கிட்ல குளோரின் அடர் மஞ்சள், தண்ணி மட்டும் பச்சை: 45,000 லிட்டர் வீட்டு பூல்

கானாத்தூர் வீடு:

ஈசிஆர் பக்கம் வீட்டோட ஒரு சின்ன பூல். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், அந்தப் பக்கம் 1.8. கான்கிரீட் தொட்டி, உள்ளே மொசைக் டைல்ஸ். சாண்ட் ஃபில்டர், ஒரு எச்பி பம்ப், தினமும் ஆறு மணி நேரம் ஓடுது. ஏப்ரல்ல போர் தண்ணி விட்டு நிரப்பினது. வெயில்ல குறையக் குறைய அதே போர்லதான் டாப்-அப்.

குளோரினுக்கு டிசிசிஏ 90 டேப்லெட். 200 கிராம் டேப்லெட் வாரத்துக்கு மூணு, மிதவை டப்பாவில போடுறோம். சொட்டு விட்டா மஞ்சளா மாறுற கிட்ல பார்த்தா கடைசிக் கோட்டையும் தாண்டி அடர் மஞ்சள். பிஹெச் 8-ஐ ஒட்டியே நிக்குது. ஆசிட் ஊத்தினா இறங்குது, ரெண்டு நாள்ல பழைய இடத்துக்கே வந்துடுது.

ஆனா தண்ணி பச்சை. ஆழமான பக்கம் அடி தெரியலை, சுவர்ல கை வச்சா வழுவழுன்னு இருக்கு. தண்ணி மட்டத்துல டைல்ஸ் மேல வெள்ளையா சொரசொரன்னு படிஞ்சு கிடக்கு. கிளீன் பண்ண வர்றவர் படிகாரம் போட்டார், மயில்துத்தம் 100 கிராம் ரெண்டு தடவை போட்டார். தெளியுற மாதிரி இருந்துட்டுத் திரும்பப் பச்சை. இப்போ "குளோரின்தான் நிறைய இருக்கே, இது பாசி இல்ல, தண்ணி கெட்டுப்போச்சு, மொத்தமா இறைச்சுடலாம்"கிறார்.

குளோரின் இருந்தும் பாசி வருமா? மொத்தமா இறைச்சுத்தான் ஆகணுமா? ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள முடிக்கணும். போர் தண்ணி லேப் ரிப்போர்ட் இருக்கு: டிடிஎஸ் 1450, டோட்டல் ஹார்ட்னெஸ் 720, கால்சியம் 160, ஆல்கலினிட்டி 310, பிஹெச் 7.4.


துளிக்கணக்கு:

முதலில் கொள்ளளவு. சராசரி ஆழம் 1.4 என்று கொண்டால் 8 × 4 × 1.4 = 44.8 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர். தரை ஒரே சீராகச் சரிந்தால்தான் இந்தச் சராசரி செல்லும்; நடுவில் படி போல் இறங்கினால் இரண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். இந்த எண் தப்பானால் பின்னால் வரும் எல்லா அளவும் தப்பு.

உங்கள் மஞ்சள் கிட் ஓடிஓ வகை. அது மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் திறனை இழந்த குளோரினும் அதில் மஞ்சளாகத்தான் தெரியும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் 4 பிபிஎம்மா (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) 12-ஆ என்றும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் பச்சைக்கு முக்கியக் காரணம் அது இல்லை, டேப்லெட்தான் என்று நினைக்கிறேன். டிசிசிஏ கரைந்து குளோரினைக் கொடுத்த பிறகு, போட்ட எடையில் சுமார் 55 சதவீதம் சயனூரிக் ஆசிடாகத் தண்ணீரில் தங்கிவிடும். (90 சதவீதம் குளோரின் என்றால் மிச்சம் 10தானே என்று கேட்பார்கள். 90 என்பது "கிடைக்கும் குளோரின்" என்ற கணக்கு, எடைக் கணக்கு அல்ல.) உங்கள் பூலில் ஒரு 200 கிராம் டேப்லெட் 4 பிபிஎம் குளோரினும் ஏறத்தாழ 2.4 பிபிஎம் சயனூரிக் ஆசிடும் சேர்க்கும். குளோரின் வெயிலில் போய்விடும். சயனூரிக் ஆசிட் ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. பேக்வாஷில் (ஃபில்டர் மணலைத் தலைகீழாகத் தண்ணீர் ஓட்டிக் கழுவுவதில்) வெளியேறும் தண்ணீரோடு போவதுதான் போக்கு. வாரம் மூன்று வீதம் ஏப்ரலிலிருந்து போட்டிருந்தால் கழிவு போக 150க்குக் குறையாமல் இருக்கும்.

இந்தச் சயனூரிக் ஆசிட் கெட்டது அல்ல. அது துளியும் இல்லாவிட்டால் நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் காணாமல் போகும். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அதனால்தான் கடையில் ஸ்டெபிலைசர் என்று விற்கிறார்கள். அளவு ஏற ஏற, பிடித்து வைப்பது அதிகமாகி, பாசியைக் கொல்லும் பங்கு குறைந்துகொண்டே போகும். ஃப்ரீ குளோரின் (எதோடும் சேர்ந்து வீணாகாமல் இருக்கும் குளோரின்) எப்போதும் சயனூரிக் ஆசிட் அளவில் 7.5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 40 இருந்தால் 3 பிபிஎம் போதும். 160 இருந்தால் 12 வேண்டும், அதுவும் பாசி வராமல் தடுக்க மட்டும். வந்த பாசியைக் கொல்ல 40 சதவீதம், அதாவது 64 பிபிஎம். யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நீச்சல் குள வழிகாட்டியும் சயனூரிக் ஆசிட் 100ஐத் தாண்டக்கூடாது என்றுதான் சொல்கிறது.

எதையும் ஊற்றும் முன் இந்த ஐந்தையும் அளந்து எழுதுங்கள்: ஃப்ரீ குளோரின், மொத்தக் குளோரின், பிஹெச், ஆல்கலினிட்டி (பிஹெச்சை எளிதில் மாற விடாமல் தாங்கும் காரத்தன்மை), சயனூரிக் ஆசிட். ரிப்போர்ட் இருந்தாலும் பூல் தண்ணீரின் கால்சியம் ஹார்ட்னெஸையும் தனியாகப் பாருங்கள், ஆவியாகி ஆவியாகி ஏறியிருக்கும்.

தண்ணீரை மேல்மட்டத்தில் அள்ளாதீர்கள். ரிட்டர்ன் வாய்க்கு (ஃபில்டரிலிருந்து தண்ணீர் பூலுக்குத் திரும்பும் துளைக்கு) எதிர்ப்பக்கம், பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். டப்பா மிதக்கும் இடத்தருகே எடுத்தால் குளோரின் பொய்யாக ஏறும்.

குளோரினுக்கு டிபிடி, அதாவது குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் மாத்திரை. ஒன்றாம் எண் மாத்திரை ஃப்ரீ குளோரினுக்கு. அதே குழாயில் மூன்றாம் எண் சேர்த்தால் மொத்தம். வித்தியாசம்தான் செத்த குளோரின். மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேராகக் குழாய்க்குள் தள்ளுங்கள். ஒன்று கவனம்: குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் டிபிடி இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னிவிட்டு வெளுத்துவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று நினைத்து இன்னும் கொட்டுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு பூல் தண்ணீர், நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து அளந்து ஐந்தால் பெருக்குங்கள். பிஹெச் பார்க்கும் ஃபீனால் ரெட்டும் அந்த அளவுக்கு மேல் ஊதாவுக்கு ஓடும்; அப்போது காட்டும் 8.2ஐ நம்பி ஆசிட் ஊற்றக்கூடாது.

சயனூரிக் ஆசிட் சோதனையில் மருந்து சேர்த்ததும் தண்ணீர் பால் போல் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, புள்ளி மறையும் கோட்டைப் படிக்க வேண்டும். வெளியே, சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் 100 கோட்டுக்கு முன்பே மறையும். அப்போது பூல் தண்ணீரும் வீட்டு டாப்பில் பிடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து மறுபடி செய்து, இரண்டால் பெருக்குங்கள்.


பம்ப்ரூம்:

மேல சொன்னது சரி. நான் கை வேலைப் பக்கம் சொல்றேன்.

மயில்துத்தத்தை உடனே நிறுத்துங்க சார். அதுல கால்வாசி எடை செம்பு. உங்க பூல்ல 100 கிராம் போட்டா 0.55 பிபிஎம் செம்பு ஏறும், ரெண்டு தடவைன்னா 1.1. அது பாசிய கொஞ்சம் அடக்கும், உண்மை. ஆனா பிஹெச் 8ல செம்பு கரைஞ்ச நிலையில நிக்காது, டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்ட்டுல நீலமும் கறுப்புமா கறையா உக்காந்துடும். நரைச்ச தலை வச்சிருக்கிறவங்க குளிச்சா முடி பச்சை பூக்கும், அதுக்குக் குளோரின் மேல பழி வரும். கறை பிடிச்சா எடுக்கிறது சுலபமில்ல.

படிகாரம் தப்பான மருந்து இல்ல, தப்பான நேரத்துல போட்டிருக்கார். உயிரோட இருக்கிற பாசிய அது திரட்டி அடியில போடும், மறுநாள் வெயில்ல அது திரும்ப வளரும். பாசி செத்து, தண்ணி சாம்பல் கலந்த வெள்ளையா மாறினப்புறம்தான் படிகாரத்துக்கு வேலை. உங்க அளவுக்கு அரை கிலோவுல இருந்து முக்கால் கிலோ, பக்கெட்ல கரைச்சுப் பரவலா ஊத்தி, ஒரு மணி நேரம் பம்ப் ஓட விட்டு நிறுத்துங்க. ராத்திரி முழுக்க அசையாம இருக்கணும். காலையில வேக்குவம் பண்றப்போ மல்டிபோர்ட் வால்வ் (ஃபில்டர்ல தண்ணி போற வழிய மாத்துற வால்வ்) கைப்பிடி "வேஸ்ட்"ல இருக்கணும், "ஃபில்டர்"ல வச்சா அந்தக் கொழகொழப்பு மணல்ல போய் அடைச்சுக்கும். பிஹெச் 8க்கு மேல இருந்தா படிகாரம் சரியா திரளாது, தண்ணியே மங்கலா நிக்கும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும்.

ஃபில்டர் கேஜ் என்ன காட்டுது? பேக்வாஷ் முடிஞ்ச உடனே இருக்கிற பிரஷரை மார்க்கர்ல கேஜ் பக்கத்துலயே எழுதி வைங்க. அதுக்கு மேல 8, 10 பிஎஸ்ஐ ஏறினா அடுத்த பேக்வாஷ். சைட் கிளாஸ்ல தண்ணி தெளியிற வரைக்கும், ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் அரை நிமிஷம் ரின்ஸ். வாரம் ஆனா கண்ண மூடிக்கிட்டு பேக்வாஷ் பண்றது தண்ணிய வீணாக்குறதுதான். லேசா அழுக்கேறின மணல்தான் நல்லா வடிகட்டும்.

மொத்தமா இறைக்கிறது பத்தி. அங்க மணல் பூமி. மழைக்கு அப்புறம் நிலத்தடி நீர் மேல வந்துடும். காலித் தொட்டிய அது அடியில இருந்து தூக்கும். ஃபைபர் தொட்டின்னா அப்படியே மிதந்து எழும்பும், கான்கிரீட்னா தரை வெடிக்கும். இறைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துக் கிணத்துல கயிறு விட்டுப் பாருங்க. தண்ணி மட்டம் உங்க பூலோட ஆழமான தரையை விடக் கீழ இருந்தா தைரியமா இறைக்கலாம். மேல இருந்தா அந்த மட்டத்துக்குக் கீழ பூலை இறக்கக் கூடாது. மழை பிடிச்சப்புறம்னா இந்த வேலையே வேண்டாம்.


கானாத்தூர் வீடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. டிபிடி மாத்திரையும் சொட்டுக் கிட்டும் வாங்கிப் பார்த்தாச்சு.

ஃப்ரீ குளோரின் 3, மொத்தம் 4.2. பிஹெச் 8.0. ஆல்கலினிட்டி 240. கால்சியம் ஹார்ட்னெஸ் 560. சயனூரிக் ஆசிட்: நேரா பார்த்தப்போ பாதிக் குழாய்கூட நிரம்பறதுக்குள்ள புள்ளி மறைஞ்சுது, சரிபாதி கலந்து பார்த்தா 80, அப்போ 160.

கிணத்துல தண்ணி தரைமட்டத்துல இருந்து 4 மீட்டர் கீழ இருக்கு. இறைக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா ரிப்போர்ட்ல ஹார்ட்னெஸ் 720னு இருக்கே, அதே போர் தண்ணிய நிரப்பினா திரும்ப அதே கதைதானே? லாரித் தண்ணி வாங்கணுமா? கால்சியம் ஹார்ட்னெஸ் டெஸ்ட்ல சிவப்பு நீலமா மாறாம ஊதாவுலயே நின்னுச்சு, 560 சரிதானான்னும் தெரியலை.


துளிக்கணக்கு:

அந்த ஊதா செம்பின் வேலை. அடுத்த முறை நிறம் காட்டும் மருந்தைப் போடும் முன்பே, எண்ணப்போகும் டைட்ரன்ட்டில் (நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விடும் மருந்தில்) ஐந்தாறு சொட்டு தண்ணீரில் விட்டுவிடுங்கள். அந்தச் சொட்டுகளையும் கடைசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் சுத்தமாக நீலத்துக்கு வரும். 560ல் பெரிய தவறு இருக்காது.

720ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினம். டைல்ஸில் படிவது கால்சியம் பங்கு. ரிப்போர்ட்டில் தனிமமாகக் கொடுத்திருக்கும் கால்சியம் 160ஐ 2.5ஆல் பெருக்குங்கள்: 400. பூலுக்கு இது ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு. லாரித் தண்ணீரும் பெரும்பாலும் இன்னொருவர் போர்தான், அளக்காமல் வாங்காதீர்கள்.

வெள்ளைப் படிவுக்குக் காரணம் கால்சியம் மட்டும் இல்லை. பிஹெச், வெப்பநிலை, கால்சியம், ஆல்கலினிட்டி நான்கும் கூடி முடிவு செய்கின்றன. தண்ணீர் படிவு வைக்குமா அரிக்குமா என்று சொல்லும் லாஞ்சலியர் கணக்கில் இப்படி வரும்: பிஹெச் 8.0, முப்பது டிகிரிக்கு 0.7, கால்சியம் 560க்கு 2.35. ஆல்கலினிட்டி 240ல் சயனூரிக் ஆசிடின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 185, அதற்கு 2.27. கூட்டி, உங்கள் டிடிஎஸ் அளவுக்கு 12.2ஐக் கழித்தால் +1.1. 0.3ஐத் தாண்டினாலே படிய ஆரம்பிக்கும்; 1.1 என்றால் ஃபில்டர் மணலையும் கல்லாக்கும். இதில் நீங்கள் கையில் பிடிக்கக்கூடியவை பிஹெச்சும் ஆல்கலினிட்டியும்தான். கால்சியத்தைக் குறைக்கச் சாஃப்ட்னருக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

வேலை இந்த வரிசையில்.

தண்ணீர் மாற்றுவது. 160ஐ 40க்குக் கொண்டுவர முக்கால் பங்கு மாற வேண்டும். கிணற்று மட்டம் 4 மீட்டர் கீழே என்பதால் ஒரே தடவையில் முக்கால்வாசி இறைக்கலாம், 34,000 லிட்டர் போதும். பாதி இறைத்து நிரப்பி, கலந்த பிறகு மறுபடி பாதி என்றால் அதே 40தான் வரும், ஆனால் 45,000 லிட்டர் செலவாகும். நிரப்பிக்கொண்டே வெளியேற்றுவது மிக வீண். இறைக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவதானால் டப்பாவை எடுத்துவிட்டு ஃப்ரீ குளோரின் பூஜ்யமாகும் வரை காத்திருங்கள். செம்பு இருப்பதால் மீன் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. தண்ணீர் இறங்கி நிற்கும்போதே டைல்ஸ் படிவைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், வசதியான உயரம்.

நிரப்பிய பிறகு கணக்குப்படி சயனூரிக் ஆசிட் 40, கால்சியம் 440, ஆல்கலினிட்டி 290 அளவில் வரும், செம்பும் கால்வாசியாகும். மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள்.

பாசியைக் கொல்லும் முன் பிஹெச் 7.2க்கு வர வேண்டும், ஏனென்றால் குளோரின் ஏறிய பின் பிஹெச் படிக்க முடியாது. 30 முதல் 33 சதவீத கமர்ஷியல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்குங்கள். மளிகைக் கடை பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அதன் பலமும் தெரியாது, உள்ளே இருப்பதும் தெரியாது. முதலில் 2 லிட்டர், பம்ப் ஓட, ரிட்டர்ன் வாய் முன்னால் மெல்லிய தாரையாக. ஒரு மணி நேரம் கழித்து அளந்துவிட்டு மேற்கொண்டு அரை அரை லிட்டராக.

பிறகு குளோரின். உங்களுக்கு லிக்விட் சோடியம் ஹைப்போகுளோரைட்தான் சரி: சயனூரிக் ஆசிடும் சேராது, கால்சியமும் சேராது. சரியான 10 சதவீதம் என்றால் 1 லிட்டர் உங்கள் பூலில் 2.2 பிபிஎம். சயனூரிக் ஆசிட் 40க்கு இலக்கு 16 பிபிஎம், அதாவது மாலை வெயில் தாழ்ந்ததும் 7 லிட்டர் சொச்சம். பம்ப் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். சுவர், படி இடுக்கு, ஏணிக்குப் பின்புறம், விளக்கு வளையம் எல்லாம் பிரஷ் போட வேண்டும். வழுவழுப்புப் படலத்துக்கு அடியில் குளோரின் எட்டாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை அளந்து, குறைந்ததை ஊற்றி மீண்டும் 16க்கு ஏற்றுங்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான்: ஒரே தடவை கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள், விடிவதற்குள் குளோரின் தீர்ந்து பாசி பாதியில் பிழைத்துக்கொள்ளும்.

நிறுத்துவதற்கு மூன்று அடையாளம், மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அடி தெளிவாகத் தெரிய வேண்டும். மொத்தத்துக்கும் ஃப்ரீ குளோரினுக்கும் வித்தியாசம் 0.5க்குள் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு அளந்து, வெயில் படுமுன் மறுபடி அளந்தால் இழப்பு 1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை, ஆகவே குறைந்தால் அதைத் தின்பது பாசிதான். அதுவரை யாரும் இறங்க வேண்டாம்.

ஆல்கலினிட்டி கடைசியில், அவசரமில்லாமல். ஆசிட் ஊற்றினாலும் பிஹெச் திரும்ப ஏறிவிடுகிறது என்றீர்கள். 240, 290 ஆல்கலினிட்டி உள்ள தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மிகுதி. அது காற்றில் வெளியேற வெளியேற பிஹெச் தானே ஏறும். ஏறுவதைத் தடுக்காமல் வேகப்படுத்துங்கள்: ஆசிட் விட்டு 7.1க்கு இறக்கி, ரிட்டர்ன் வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீர் மட்டத்தைக் கலக்குங்கள், ஃபவுண்டன் இருந்தால் ஓட விடுங்கள். 7.7, 7.8க்கு ஏறியதும் மறுபடி ஆசிட். காற்றடிப்பில் பிஹெச் மட்டுமே ஏறும், ஆல்கலினிட்டி ஏறாது. முதல் சுற்றில் 3 லிட்டர் ஆசிட் பிடித்து 35 பிபிஎம் போல இறங்கும். போகப் போக ஒவ்வொரு சுற்றுக்கும் அளவு குறையும். 10 பிபிஎம்முக்கு 900 மில்லி என்ற கணக்கில் 290லிருந்து 100க்கு மொத்தம் 17 லிட்டர். ஒரே நாளில் ஊற்றினால் பிஹெச் பாதாளத்துக்குப் போய் டைல்ஸ் சிமெண்ட்டைத் தின்னும். இரண்டு மூன்று வாரத்தில் பரவலாகச் செய்யுங்கள்.

100க்கு வந்த பின் பிஹெச் 7.5ல் அதே கணக்கைப் போட்டால் +0.2. படிவும் இல்லை, அரிப்பும் இல்லை.


ஈரக்கால்:

திட்டம் சரி, ஆனா மழையைக் கணக்குல விட்டுட்டீங்க. மழைத் தண்ணியில கால்சியமும் இல்லை, ஆல்கலினிட்டியும் கிட்டத்தட்ட இல்லை. இவருக்கு இருக்கிற போரை வச்சுப் பார்த்தா அதை விட நல்ல தண்ணி காசு குடுத்தாலும் கிடைக்காது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில 50 மில்லிமீட்டர் மழை பெய்தா 5,000 லிட்டர். முதல் மழையை வெளிய விட்டுடணும், காக்கா எச்சமும் இலையும் அதுலதான் வரும். அடுத்த மழையில மாடிக் குழாயை ஒரு வலை வழியா பூலுக்குத் திருப்பினா ஆசிட் செலவு நல்லாவே குறையும். இப்போ முக்கால் இறைச்சுட்டு முழுசா போர்ல நிரப்பாம, ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணிய பம்புக்கு இழுக்கிற சுவர்த் திறப்பு) வாய் பாதி மூழ்குற அளவுக்கு மட்டும் நிரப்பி வைங்க. மிச்சத்தை மழை பார்த்துக்கும்.

லிக்விட் ஹைப்போ பத்தி ஒரு மாற்றுக் கருத்து. தினமும் கேன் தூக்குறது வீட்டுல வயசானவங்களால முடியாது. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளை மூடி வச்சா சீக்கிரம் கெடாது, 1 பிபிஎம்முக்கு 70 கிராம் போதும்.


துளிக்கணக்கு:

மழை யோசனை நல்லது, எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் ஹைப்போவுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 7 பிபிஎம் கால்சியம் ஹார்ட்னெஸ் ஏறும். தினம் 2.5 பிபிஎம் செலவானால் மாதம் 50 பிபிஎம். மேட்டூர்க் குடிநீர் நிரப்பிய பூலுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். 440ல் ஆரம்பிக்கும் இந்தப் பூல் கோடை வருவதற்குள் 700ஐத் தொடும்.


பம்ப்ரூம்:

லிக்விட் ஹைப்போல உண்மையான பிரச்சனை, கேன்ல ஒட்டியிருக்கிற 10 சதவீதம் உள்ள இருக்காங்கிறதுதான். வெயில்ல நின்ன லாரியில வந்த சரக்கு பாதி பலம்தான் இருக்கும். வீட்டுலயே பார்த்துடலாம். 20 லிட்டர் ஆர்ஓ வாட்டர் கேன் புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க, ஊசி இல்லாத சிரிஞ்சுல சரியா 1 மில்லி ஹைப்போ அதுல விட்டு நல்லா குலுக்கி டிபிடி பாருங்க. 5 பிபிஎம் காட்டினா 10 சதவீதம். 3 காட்டினா 6 சதவீதம்தான், அப்போ 7 லிட்டருக்குப் பதிலா 12 லிட்டர் ஊத்தணும். அந்தக் கேன்ல "குடிக்காதே"ன்னு எழுதி வச்சுட்டுச் செடிக்குக் கொட்டிடுங்க. ஹைப்போவை மூணு வாரத்துக்கு வேண்டியது மட்டும் வாங்கி நிழல்ல வைங்க.

பாதுகாப்பு, இதுல விளையாட்டே கிடையாது. ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே பக்கெட், ஒரே மக் படக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பூல்லயே ஒண்ணு ஊத்தி அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் அடுத்தது. டேப்லெட் போட்ட மிதவை டப்பாவுல கால்சியம் ஹைப்போ ஒரு சிட்டிகை விழுந்தாலும் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டைத் தண்ணிக்குள்ளதான் ஊத்தணும், ஆசிட்டுல தண்ணி ஊத்தக்கூடாது. ஆசிட் கேனை பம்ப் ரூம்ல வைக்காதீங்க. மூடி டைட்டா இருந்தாலும் ஆவி கசிஞ்சு மோட்டார் டெர்மினல், பேனல் கான்டாக்டர் எல்லாத்தையும் பச்சை பிடிக்க வச்சுடும். டெஸ்ட் கிட்டும் அங்க வேண்டாம், அந்தச் சூட்டுல மருந்து சீக்கிரம் செத்துடும்.


கானாத்தூர் வீடு:

புரிஞ்சுது. இறைக்க ஆரம்பிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு: மீதி டேப்லெட் அரை டப்பா இருக்கு. தூக்கிப் போடணுமா? தீபாவளிக்கு ஊருக்குப் போனா பத்து நாள் ஹைப்போ ஊத்த ஆள் இருக்காது.


துளிக்கணக்கு:

தூக்கிப் போட வேண்டாம், அதற்குத்தான் அவை சரி. கிளம்பும் முன் மாலை குளோரினை 8க்கு ஏற்றிவிட்டு, மிதவை டப்பாவில் நான்கு டேப்லெட் வைத்து, அடி வளையத்தைப் பாதிக்குக் குறைவாகத் திறந்து வையுங்கள். அந்தப் பத்து நாளில் சயனூரிக் ஆசிட் சுமார் 10 ஏறும், 40 என்பது 50 ஆகும். மழையில் பூல் நிரம்பி வழிந்தால் அதில் கொஞ்சம் போய்விடும். திரும்பி வந்து அளந்து, 50 என்றால் தினசரிக் குளோரின் இலக்கை, அந்த 7.5 சதவீதத்துக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்து, 5லிருந்து 6க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பத்து நாளும் பம்ப் டைமரில் ஓட வேண்டும்.

டப்பா பழுதானால் டேப்லெட்டை ஸ்கிம்மர் கூடையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பம்ப் நிற்கும் நேரத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் கடும் அமிலமாகும்; பம்ப் ஓடத் தொடங்கியதும் அது நேராக ஃபில்டர், வால்வ் ரப்பர் என்று போகும். ஏணியில் டப்பாவைக் கட்டியும் வைக்க வேண்டாம், ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்து டைல்ஸ் இடுக்கு சிமெண்ட் அரித்துப் போகும்.


பம்ப்ரூம்:

பேக்வாஷ் பைப் கடைசி முனை எங்க விழுதுன்னு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பாருங்க. வால்வ் ஸ்பைடர் கேஸ்கெட் (வால்வுக்குள்ள வழிகளைப் பிரிக்கிற ரப்பர்) தேஞ்சிருந்தா, அந்த வழியா பூல் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஸ்கிம்மருக்குக் கீழ இறங்கிடும், பம்ப் காத்து இழுத்து சீல் போயிடும். வேஸ்ட் லைன்ல ஒரு பால் வால்வ் போட்டு மூடிட்டுப் போங்க. பேக்வாஷ் பண்றப்போ அதைத் திறக்க மறந்துடக் கூடாது, கைப்பிடியில ஒரு சீட்டு கட்டி விடுங்க.